டான் ஓர் ஆண், டான் ஒரு பெண்

டான் ஓர் ஆண். டான் ஒரு பெண். ஒரே பெயரை இருபாலாரும் வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. இவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். முதலாவது டொனால்டு என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் டி, ஓ, என் என்று மூன்றே எழுத்து. இரண்டாவது பெண்களுக்கு வைப்பது. டி, ஏ, டபிள்யூ, என் என்று நான்கு எழுத்து. லண்டன்காரர் சொன்னால் முதலாவது வெடுக்கென்று முடிந்துவிடும். இரண்டாவது நீளும், உதடு நன்றாகக் குவியும், கிட்டத்தட்ட 'டோன்' இருக்கும் இடத்துக்கே போய்விடும். நம் எழுத்தில் இதைக் காட்ட வழியில்லை. இரண்டையும் 'டான்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

தமிழர்களை விடுங்கள். ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி தெரியாத கனடாக்காரரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான் என்பார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் அப்படியே. நியூயார்க்கில் வளர்ந்தவரோ இரண்டும் ஒன்றா என்று வியப்பார். 1990களில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளரின் குழு வட அமெரிக்கா முழுக்கத் தொலைபேசியில் ஆட்களைப் பிடித்து உச்சரிப்புக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதில் சொல்லச் சொன்ன சொல் இணைகளில் இந்த இரண்டு டான்களும் உண்டு. சொல்லிக் காட்டுங்கள், பிறகு இரண்டும் ஒன்றாக ஒலிக்கிறதா வேறாக ஒலிக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார்கள். 2006இல் அது பெரிய வரைபடத் தொகுதியாக வெளிவந்தது. எந்த வட்டாரத்தில் இரண்டு டான்களும் ஒருவராகிவிடுகிறார்கள் என்பதை அதில் விரல் வைத்துக் காட்டலாம்.

பல நாட்டவர் சேரும் தொலைபேசிக் கூட்டங்களில் குறிப்பெடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. யார் எதைச் செய்து முடிக்க ஒப்புக்கொண்டார் என்று எழுத வேண்டும். அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை. மற்ற சொற்கள் ஒன்றோடொன்று குழம்பினால் குடி முழுகிப்போகாது. கட்டிலையும் பிடிபட்டதையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் கனடாக்காரர் பேச்சில் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் 'திருடன் கட்டில்' என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. வாக்கியம் கைகொடுக்கும். பெயருக்கு அந்த உதவி கிடையாது. 'வெள்ளிக்கிழமைக்குள் டான் அனுப்பிவிடுவார்' என்ற வாக்கியத்தில் எந்த டானைப் பொருத்தினாலும் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் வினைச்சொல் பால் காட்டாது. நம் 'ஆர்' விகுதியும் காட்டாது. பெயர் என்பது அர்த்தத்தின் துணையில்லாமல் வெறும் ஒலியை மட்டும் நம்பி நிற்கும் சொல். வட்டார உச்சரிப்பு கைவைக்கும்போது முதலில் அடிபடுவது அதுதான்.

என் குறிப்பேட்டில் அதிகம் இடறிய இணை ஏரன், எரின். முன்னவர் ஆண், இரண்டு ஏ எழுத்துகளுடன் தொடங்கும் பெயர். பின்னவர் பெண், ஈ எழுத்தில் தொடங்குவது. ஒரு கூட்டத்தில் இருவருமே இருந்தார்கள். அமெரிக்க மேலாளர் ஒருவர் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போனார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இடைமறித்து, இப்போது சொன்னது யாருடைய பெயர் என்று கேட்டார். மேலாளர் அதே பெயரை, அதே ஒலியில், இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். ஸ்காட்லாந்துக்காரர் மறுபடியும் கேட்டார். மேலாளர் இன்னும் உரக்கச் சொன்னார். கடைசியில் சம்பந்தப்பட்ட பெண்ணே குறுக்கிட்டு, "என்னைத்தான் சொல்கிறார்" என்றார். தன் பெயரா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரிந்ததென்றால், ஒலியை வைத்து இல்லை. அது தன் வேலை என்பது தெரிந்திருந்ததால். அமெரிக்காவின் பெரும்பகுதியில் இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஒலிதான். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் வாய் திறக்கும் அளவே வேறு. உரக்கச் சொல்வதால் இல்லாத வேறுபாடு முளைத்துவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் உரக்கத்தான் சொல்கிறோம்.

அமெரிக்காவுக்குள்ளேயே ஏரனையும் எரினையும் பழைய வழக்கப்படி பிரித்துச் சொல்லும் ஊர்கள் சில உண்டு. ஃபிலடெல்ஃபியா அவற்றில் ஒன்று. நாட்டின் பெரும்பகுதி தொலைத்துவிட்ட வேறுபாட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் அந்த ஊர், மற்ற ஊர்களில் பத்திரமாக இருக்கும் வேறொன்றைத் தொலைத்துவிட்டது. அங்கே பலருக்கு 'மெரி' என்ற ஒலியும் 'மரி' என்ற ஒலியும் ஏறக்குறைய ஒன்று. லபோவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1991இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த இரண்டு ஒலிகளும் ஒன்றா வேறா என்று நேரடியாகக் கேட்டால், மனிதர்கள் விழிப்பாகிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துக்கூட்டல் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே ஒலியைப் பற்றியே பேசாமல் ஒரு கதை சொன்னார்கள். ஒரு விளையாட்டு அணி. அதில் மெரியன் என்று ஒரு சிறுமி. மரி என்று ஒரு பையன். யாரை இறக்குவது என்று பயிற்சியாளர் யோசிக்கிறார். கதை முழுக்கப் பெண்ணா பையனா என்ற இழுபறி. முடிவில் அவர் ஒரு வாக்கியம் சொல்கிறார். ஆங்கிலத்தில் 'மரி' என்ற பெயருக்குப் பின் 'இன்' என்ற சின்னச் சொல் ஒட்டிக்கொள்ளும்படி அந்த வாக்கியத்தைக் கட்டியிருந்தார்கள். ஆகவே 'மெரியன்' என்பதற்கும் அதற்கும் முதல் உயிரொலி ஒன்றுதான் வித்தியாசம். சிலருக்கு ஒரு வடிவத்தையும் சிலருக்கு மற்றதையும் போட்டுக் காட்டினார்கள். பிறகு கேட்ட கேள்வி, பயிற்சியாளர் எடுத்த முடிவு சரியா என்பதுதான். சிறுமிக்கு வாய்ப்புக் கொடுத்தது நல்லது என்றோ, பையனை இறக்கியது அநியாயம் என்றோ கேட்பவர் வாதாடத் தொடங்கும்போதே, அவர் காதில் விழுந்தது எந்தப் பெயர் என்பது வெளிவந்துவிடும்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிட்டார்கள். ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் பலர் தடுமாறினார்கள். விசித்திரம் என்னவென்றால், அவர்கள் பேசும்போது அந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையில் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்தது. கருவியில் அளந்தால் தெரிந்தது. வாய் பிரிக்கிறது, காது பிரிப்பதில்லை. இதற்கு 'கிட்டத்தட்டக் கலப்பு' என்ற அளவில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நேர்மாறாக, பேச்சில் இரண்டு டான்களைப் போன்ற ஒலிகளைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்த பென்சில்வேனியாவின் முதியவர் ஒருவர், இணைச்சொற்களைக் கொடுத்துச் சொல்லச் சொன்னபோது இரண்டையும் ஒன்றாகவே சொன்னார். சுற்றியிருந்த இளையவர்களின் பேச்சு அவருடைய தீர்ப்பை மாற்றிவிட்டது, பழக்கத்தை இன்னும் மாற்றவில்லை. 'உங்கள் பெயரை நான் சரியாகத்தான் சொல்கிறேன்' என்று யாராவது சத்தியம் செய்யும்போது எனக்கு இவர்கள் எல்லோரும் நினைவுக்கு வருவார்கள். சத்தியம் உண்மையாக இருக்கலாம். அவருடைய காது அதற்குச் சாட்சி ஆகாது.

மற்ற இணைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிப்படை ஒன்றுதான். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மூக்கொலிக்கு முன்னால் எகரமும் இகரமும் கலந்துவிடும். ஜெனிஃபரின் சுருக்கமான ஜென்னியும் வர்ஜீனியாவின் சுருக்கமான ஜின்னியும் அங்கே ஒரே ஆள். லென் என்ற ஆணும் லின் என்ற பெண்ணும் அதே கதி. மெல்பர்னிலும் நியூசிலாந்திலும் லகரத்துக்கு முன்னால் எகரம் அகலமாகத் திறந்துகொள்ளும். எலன் என்ற பெண்ணைக் கூப்பிட்டால் ஆலன் என்ற ஆண் திரும்பிப் பார்ப்பார். மெல்பர்ன் என்ற ஊரே அந்த ஊர்க்காரர் பலர் வாயில் 'மால்பர்ன்' ஆகிவிடுவதைக் கவனித்திருக்கலாம். சிகாகோ பக்கத்தில் ஆன் என்ற குட்டிப்பெயர் இழுபட்டு 'இயன்' போல ஒலிக்கும்; அது ஓர் ஆணின் பெயர். ஆஸ்திரேலியாவில் பீட்டா என்று பெண்களுக்குப் பெயர் உண்டு. அங்கே சொல்லின் இறுதியில் வரும் ரகரத்தைச் சொல்லமாட்டார்கள் என்பதால் பீட்டரும் பீட்டாவும் ஒலியில் இரட்டைப் பிறவிகள். அதே ரகரத்தை இங்கிலாந்தில் தேவையில்லாத இடத்தில் நுழைத்தும் விடுவார்கள். சட்டம் ஒழுங்கு என்பதற்கான ஆங்கிலத் தொடரை அவசரமாகச் சொன்னால் லாரா நார்டர் என்ற பெண்மணியின் பெயர் போலக் கேட்கும். அரசியல்வாதிகள் எப்போதும் லாரா நார்டரைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது அங்கே பழைய நகைச்சுவை.

இதையெல்லாம் வேடிக்கை பார்க்கும் நம் கதை என்ன? எனக்குத் தெரிந்த ஒரு கவின் இருக்கிறார். அழகான தமிழ்ப் பெயர். ஆங்கிலேயர்களோடு முதல்முறை தொலைபேசியில் பேசிவிட்டு வைத்தால், வரும் மின்னஞ்சல் ஜி எழுத்தில் தொடங்கும் ஆங்கிலப் பெயருக்கு வரும். அந்தப் பெயரையும் தமிழில் எழுதினால் 'கவின்'தான் என்பது கூடுதல் வேடிக்கை. அவருடைய உச்சரிப்பில் எந்தக் குறையும் இல்லை. உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துக்கொண்டு தமிழில் 'கவின்' என்று சொல்லிப் பாருங்கள். கையில் காற்று படாது. ஓர் ஆங்கிலேயர் தம் மொழியில் கே எழுத்தில் தொடங்கும் பெயரைச் சொன்னால் காற்று சட்டென்று வந்து மோதும். நாம் குரல்நாண் அதிர்கிறதா இல்லையா என்பதை வைத்து அந்த இரண்டு ஒலிகளைப் பிரிக்கிறோம். அவர் மூச்சை எதிர்பார்க்கிறார். மூச்சு வரவில்லையென்றால் அது ஜி. தீர்ந்தது. பால் (Paul) என்பவரை B எழுத்துக்காரராக்குவதும் டினாவை (Tina) இன்னொரு டினாவாக்குவதும் (Dina) இதே மூச்சுக் கணக்குத்தான்.

நம் எழுத்து வேறு விதத்தில் குழப்பும். எகிப்தின் கெய்ரோ வழக்கில் மற்ற அரபு நாட்டவரின் ஜகர ஒலி மாறிவிடும். மற்ற இடங்களில் ஜமால் என்று அழைக்கப்படும் பெயர் அங்கே, ஆங்கிலத்தில் ஜி எழுத்திட்டு எழுதும் ஒலியோடு தொடங்கும். 1956 முதல் 1970 வரை எகிப்தின் அதிபராக இருந்தவரைத் தமிழில் கமால் அப்துல் நாசர் என்று எழுதினோம். அரபியில் கமால் என்பது தனிப் பெயர், ஜமாலோடு அதற்கு உறவில்லை. ஒரு நாட்டின் உச்சரிப்பும் இன்னொரு மொழியின் எழுத்தும் கூட்டுச் சேர்ந்து, ஒரு மனிதருக்கு மூன்றாவது ஆளின் பெயரைக் கொடுத்துவிட்டன. இன்னொரு பக்கம், ஜப்பானியர் யுகி, யூகி என்று இரண்டு பெயர்கள் வைப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதி, ஒரே மாதிரி சொல்லிவிடுவார்கள். குறில் நெடிலைத் தாய்ப்பாலோடு குடித்த நமக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. லிசாவும் ரிசாவும் ஜப்பானியக் காதுக்கு ஒன்றாகும்போது நாம் சிரிக்கிறோம். அவர்கள் சிரிக்கும் முறை யுகியில் வருவதில்லை, வேறு எங்காவது வரும்.

தமிழுக்குள்ளேயே இரண்டு வழக்குகள் மோதும் இடம்தான் எனக்கு இன்னும் சுவாரசியம். தமிழ்நாட்டில் ஜான் என்று எழுதும் பெயரை ஈழத்தில் ஜோன் என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டுக் கணக்கில் ஜோன் என்பது ஆங்கிலேயப் பெண்களின் பெயர். ஈழத்து எழுத்தாளர் ஒருவர் 'ஜோன் வந்தான்' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் விகுதியில் அச்சுப்பிழை என்று நினைக்கக்கூடும். இன்னொன்று, ஆங்கில டகரத்துக்கு அவர்கள் ரகரத்தையும் ஆங்கில ரகரத்துக்கு றகரத்தையும் எழுதும் வழக்கம். கனடாவின் பெரிய நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்களே, அதில் இரண்டும் இருக்கின்றன. அந்த ஒழுங்கின்படி டீனா என்ற பெண் 'ரீனா' ஆவாள். ரீனா என்ற பெண் 'றீனா' ஆவாள். அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை, கனகச்சிதமான முறை. ஆனால் ரகர றகர வேறுபாட்டைப் பேச்சில் கைவிட்டுவிட்ட தமிழ்நாட்டுக்காரருக்கு இரண்டு பெண்களுமே ரீனாதான். 'ரொறன்ரோ'வைக் கேலி செய்யும் தமிழ்நாட்டு நண்பர்களிடம் நான் சொல்வது: அவர்கள் இரண்டு எழுத்துக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள், நாம் ஒன்றைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுகிறோம்.

லகர ளகரம் கலந்தால் வள்ளியும் வல்லியும் ஒருத்தியாவார்கள். னகர ணகரம் கலப்பது இன்னும் ஆபத்து. பழைய தமிழ்ப் பாடல்களில் கர்ணனுக்குக் கன்னன் என்று பெயர். ஆக, னகரமும் ணகரமும் ஒன்றாகிப் போன வாயில் கண்ணனும் கன்னனும் ஒரே ஆள். பாரதப் போரையே நடத்த முடியாது.

காது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் தகர டகர ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போய்விட்டது. வீட்டில் பயன்படாத வேறுபாட்டை மூளை முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஓரம்கட்டிவிடுகிறது. பெரியவர்களானபின் பயிற்சியால் ஓரளவு திரும்பப் பெறலாம்; ஆனால் ஒரு கூட்டத்தின் நடுவில், ஒரே முறை காதில் விழும் பெயரில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதனால் பெயரைத் தப்பாகச் சொல்பவர்கள் எல்லோரையும் மன்னித்துவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். இரண்டு வகை உண்டு. தன் மொழியில் இருக்கும் ஒலிகளைக் கொண்டே சரியாகச் சொல்லக்கூடிய பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் சிதைப்பது சோம்பல். அதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். தன் காதில் இல்லாத வேறுபாட்டைத் தவறவிடுவது வேறு. எழிலின் ழகரம் வராத வெளிநாட்டவரைப் பத்துப் பேர் முன்னிலையில் ஐந்து முறை சொல்ல வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது முறையும் லகரம்தான் வந்தது. அவமானம் மட்டும் கூடியது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் ழகரம் வராது என்பது வேறு விஷயம்.

பெயருக்குரியவர் என்ன விரும்புகிறார் என்பதையும் ஊர் முடிவு செய்துவிடுவதுண்டு. 2001 முதல் 2005 வரை அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த பவல் ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் பிரிட்டிஷ் முறைப்படி காலின் என்றுதான் கூப்பிட்டார்கள். 1941 டிசம்பரில் இறந்து அமெரிக்கர்களின் வீரநாயகனான விமானி ஒருவரின் பெயரும் அதுவே. அதைக் கோலின் என்று உச்சரித்தார்கள். தெருப் பையன்கள் பவலையும் அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள். உலகத்துக்கு அவர் கோலின் பவல் ஆனார். குடும்பத்துக்குக் காலினாகவே இருந்தார். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தார். எது சரி என்ற கேள்விக்கு இதற்குமேல் ஒரு பதில் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்கு ஆகும் வழிகளில் நான் நம்புவது எழுத்துக்கூட்டிச் சொல்வதைத்தான். அதற்கும் உச்சரிப்பை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் செய்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. விமானிகள் பயன்படுத்தும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற சொல்வரிசை 1956இல் நடைமுறைக்கு வந்தது. பல மொழிக்காரர்கள் வாயிலும் காதிலும் சோதித்துத் தேர்ந்தெடுத்த சொற்கள். சார்லி, ஜூலியட், மைக், ஆஸ்கர், ரோமியோ, விக்டர் என்று அதில் மனிதப் பெயர்களே ஆறு. ஜூலியட்டுக்கு முடிவில் இரண்டு டி எழுத்துகள் போட்டிருப்பார்கள்; ஒன்று மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார். ஆல்ஃபாவில் எஃப் எழுத்து இருப்பதும் அதுபோன்ற முன்யோசனைதான். எங்கள் கவின் இப்போது தொலைபேசியில் முதல் எழுத்தை மட்டும் 'கிலோ' என்று சொல்லிவிடுகிறார். ஜி எழுத்துக்கு அந்த வரிசையில் உள்ள சொல் 'கோல்ஃப்'. மூச்சு விட்டுச் சொன்னாலும் விடாமல் சொன்னாலும் கிலோ ஒருநாளும் கோல்ஃப் ஆகாது.